பஸ்ஸில் உங்களை யாரும் தள்ளவில்லை

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நிற்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஆனாலும் மனிதர் விழுவதில்லை. இடுப்பை சீட்டின் ஓரத்தில் சாய்த்துக்கொண்டு, கால்களை முன்னும் பின்னுமாக அகட்டி வைத்து, எந்த வேகத்தடைக்கு முன்னால் டிரைவர் பிரேக்கை மிதிப்பார் என்று உடம்பிலேயே எழுதி வைத்திருப்பார். நமக்கோ இரண்டு கையும் கம்பியில் இருந்தும், பிரேக் போட்டதும் முன்னால் நிற்பவர் முதுகில் போய் மோதுகிறோம். அவர் திரும்பி முறைக்கிறார்.

“ஏங்க, தள்ளாதீங்க.”

“நான் எங்கங்க தள்ளுனேன், பின்னாலேர்ந்து தள்ளுறாங்க.”

பின்னால் இருப்பவரைக் கேட்டால் அவருக்கும் பின்னால் இருப்பவரைக் காட்டுவார். இப்படியே கேட்டுக்கொண்டு போனால் கடைசி சீட்டு வரை போகலாம். அதற்கு அப்பால் பஸ்ஸின் பின்கண்ணாடிதான். முதலில் தள்ளிய ஆள் என்று ஒருவரும் அகப்படமாட்டார், ஏனென்றால் யாரும் தள்ளவில்லை. பஸ் ஓடிக்கொண்டிருந்தபோது அதற்குள் இருந்த எல்லோரும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தோம். பிரேக், பஸ்ஸை நிறுத்தியது. தரையோடு ஒட்டியிருந்த நம் செருப்பும் பாதமும் உராய்வினால் பஸ்ஸோடு சேர்ந்து நின்றன. இடுப்புக்கு மேலே இருக்கிற உடம்பை நிறுத்த எதுவும் இல்லை. அது பழைய வேகத்திலேயே போனது. இதற்குத்தான் பள்ளிக்கூடத்தில் நிலைமம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்.

‘ஒரு பொருள் தன் ஓய்வு நிலையையோ சீரான நேர்கோட்டு இயக்க நிலையையோ மாற்ற முயலும் புறவிசையை எதிர்க்கும் பண்பு நிலைமம்’ என்கிற மாதிரி ஒரு வரியை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். வரியில் தப்பில்லை. ஆனால் ‘எதிர்க்கும்’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றுகிறது. பொருள் ஏதோ எதிர்த்து நின்று மல்லுக்கட்டுவது போலவும், நிலைமம் என்பது அது செலுத்தும் ஒரு விசை போலவும் மனதில் பதிந்துவிடுகிறது. “நிலைமத்தினால் பயணி முன்னால் தள்ளப்படுகிறார்” என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். உண்மையில் அந்தப் பயணிக்கு எதுவுமே நடக்கவில்லை. நடந்ததெல்லாம் பஸ்ஸுக்குத்தான்.

இலங்கைத் தமிழில் இதே சங்கதிக்குச் சடத்துவம் என்று பெயர். சடப்பொருளின் குணம் என்று நேராகவே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் இனர்ஷியா என்ற சொல், சோம்பேறித்தனம், கையாலாகாத்தனம் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதை இயற்பியலுக்குள் கொண்டுவந்தவர் வானியலாளர் யோகன்னஸ் கெப்ளர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆனால் அவர் சொன்ன சோம்பல் வேறு. தள்ளுவதை நிறுத்தினால் எந்தப் பொருளும் இருந்த இடத்திலேயே படுத்துவிடும், கோள்களைக்கூட சூரியன் ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. அப்புறம் வந்தவர்கள் பெயரை வைத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டார்கள். நின்றால் நின்றபடியே, ஓடினால் ஓடியபடியே. ஓடிக்கொண்டிருப்பதும் ஒரு சோம்பல்தான் என்று புரிந்துகொள்ள மனிதனுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் பிடித்தது.

அதற்கு, தள்ளினால்தான் பொருள் ஓடும் என்று சொல்லிவைத்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாட்டு வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்தால் வண்டி நின்றுவிடுகிறது. சைக்கிளில் மிதிப்பதை விட்டால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது. கண்ணால் பார்ப்பதை நம்பினால், ஓடுவதற்கு ஓயாத ஒரு தள்ளல் வேண்டும் என்றுதான் யாரும் சொல்வார்கள். கையை விட்ட பிறகும் அம்பு ஏன் பறக்கிறது என்ற கேள்வி மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. அம்புக்குப் பின்னால் காற்று புகுந்து தள்ளுகிறது என்று அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தார்கள். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோபோனசும், 14ஆம் நூற்றாண்டில் பாரிஸின் பூரிதானும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எறிபவர் ஏதோ ஒரு வேகத்தைப் பொருளுக்குள்ளேயே ஏற்றி அனுப்புகிறார் என்றார்கள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதியைத் தாண்டியவர் கலிலியோ. சாய்வுப் பலகையில் ஒரு குண்டை உருட்டி, எதிரே இன்னொரு சாய்வில் ஏறவிட்டால், கிளம்பிய உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஏறுகிறது. எதிர்ச்சாய்வைத் தாழ்த்தினால் அதே உயரத்தை எட்ட அதிக தூரம் ஓடுகிறது. இன்னும் தாழ்த்தினால் இன்னும் தூரம். சரி, எதிர்ச்சாய்வே இல்லாமல் சமதளமாக்கிவிட்டால்? அந்த உயரத்தைத் தேடிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நடைமுறையில் நின்றுபோவது உராய்வு பிடித்து நிறுத்துவதால். நிற்பது பொருளின் இயல்பு என்று நினைத்த இடத்தில், நிறுத்துவதற்கு ஒரு ஆள் ஒளிந்திருப்பதை அவர் கண்டுகொண்டார்.

1632இல் வெளியான தன் உரையாடல் நூலில் அவர் ஒரு கப்பல் அறையை வர்ணிக்கிறார். ஜன்னல் இல்லாத கீழ்த்தள அறை. உள்ளே வண்ணத்துப்பூச்சிகள், தொட்டியில் மீன்கள், மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து கீழே குறுகிய வாயுள்ள பாத்திரத்துக்குச் சொட்டும் தண்ணீர். கப்பல் துறைமுகத்தில் நின்றாலும் சரி, அலையில்லாத கடலில் சீராக ஓடினாலும் சரி, பூச்சிகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் பறக்கும், சொட்டு அதே வாய்க்குள்தான் விழும். உள்ளே இருப்பவருக்குக் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் 1640இல் கசெண்டி என்ற பாதிரியார் ஓடும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து கல்லைப் போட்டுப் பார்த்தார். கல் பின்தங்காமல் மரத்தின் அடியிலேயே விழுந்தது. பூமி சுற்றினால் மேலே எறிந்த கல் ஏன் வேறு ஊரில் விழவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில். சென்னையில் நிற்கும் ஒருவரைப் பூமி மணிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுமந்துகொண்டு போகிறது. அவர் குதித்தால் அந்த வேகத்தோடுதான் குதிக்கிறார், அதனால் குதித்த இடத்திலேயே இறங்குகிறார்.

தடுக்காவிட்டால் தொடரும் அந்த ஓட்டம் நேர்கோட்டில்தான் என்பதை பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் 1644இல் அச்சேற்றினார். நியூட்டன் 1687இல் எல்லாவற்றையும் சேர்த்துத் தன் முதல் விதியாக்கினார்.

அப்புறம் பாடப்புத்தகம் வந்து இதை மூன்றாகப் பிரித்தது. ஓய்விற்கான நிலைமம், இயக்கத்திற்கான நிலைமம், திசைக்கான நிலைமம். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணத்தை உருப்போட்டு வைத்துக்கொள்கிறார்கள். பஸ் கிளம்பும்போது பின்னால் சாய்ந்தால் முதலாவது, பிரேக் போட்டால் இரண்டாவது, வளைவில் சாய்ந்தால் மூன்றாவது. சொல்லிக்கொடுக்க வசதியான பிரிவுதான், மறுக்கவில்லை. ஆனால் இயற்கையில் இப்படி மூன்று அறைகள் கிடையாது.

வீட்டில் ஒரு சுத்தியலோ கோடாலியோ இருந்தால் இதைக் கையாலேயே பார்க்கலாம். காம்பு காய்ந்து சுருங்கி, தலை ஆடிக்கொண்டிருக்கும் கோடாலியை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நேராகப் பிடித்து, தரையில் நங்கென்று ஒரு இடி. தரை காம்பை நிறுத்திவிடுகிறது. மேலே இருக்கிற இரும்புத் தலையோ, வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கிக் காம்பில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. இது இயக்கத்திற்கான நிலைமம். இப்போது அதே கோடாலியைத் தலைகீழாக, இரும்புத் தலை கீழே தொங்கும்படி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பின் நுனியில் மரக்கட்டையால் தட்டுங்கள். காம்பு கீழ்நோக்கி நகர்கிறது. கனமான தலை இருந்த இடத்தைவிட்டு அவ்வளவு சீக்கிரம் அசைவதாயில்லை. தரை பிடிக்கவில்லை, யாரும் அதைத் தாங்கவும் இல்லை. ஆனாலும் தலை அந்தரத்தில் தொங்கியபடியே காம்பில் மேலே ஏறுகிறது. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது கண்கட்டு வித்தை போலத்தான் இருக்கும். இது ஓய்விற்கான நிலைமம்.

இரண்டிலும் நடந்தது என்ன? காம்பின் வேகம் திடீரென்று மாறியது, தலையின் வேகம் மாறவில்லை. அவ்வளவுதான். தரையில் இடித்ததை, கோடாலியோடு சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு எறும்பின் கண்ணால் பாருங்கள். அதற்குக் கோடாலி சும்மாதான் இருந்தது. தரைதான் ஓடிவந்து காம்பைத் தட்டியது. அதாவது நமக்கு இயக்கத்திற்கான நிலைமம், எறும்புக்கு ஓய்விற்கான நிலைமம். பார்ப்பவர் மாறினால் வகையும் மாறிவிடுகிறது. பஸ்ஸிலும் இதே கதை. பிளாட்பாரத்தில் நிற்பவர் ‘ஓடிக்கொண்டிருந்த பயணி ஓட்டத்தை விடவில்லை’ என்பார். பஸ்ஸுக்குள் சீட்டில் இருப்பவர் ‘சும்மா நின்றவர் திடீரென்று முன்னால் பாய்ந்தார்’ என்பார். இந்த இரண்டாவது ஆளுக்குத்தான் தள்ளியது யார் என்ற கேள்வியே எழுகிறது. பிரேக் போட்டு வேகம் குறையும் பஸ்ஸை உலகத்தின் நிலையான தரை என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

கேரம் போர்டிலும் இதைப் பார்க்கலாம். நாலைந்து காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஸ்ட்ரைக்கரைப் பலமாக விட்டால் அடிக்காய் மட்டும் பறந்துபோகும், மேலிருந்தவை பொத்தென்று அதே இடத்தில் இறங்கும். மெதுவாக அடித்தால் அடுக்கே சரிந்துவிடும். ஏன்? மெதுவாக நகரும்போது, காய்களுக்கு இடையே உள்ள உராய்வு மேல்காயையும் இழுத்துக்கொண்டுபோக நேரம் கிடைத்துவிடுகிறது. வேகமாக அடிக்கும்போது உராய்வு வேலையைத் தொடங்குவதற்குள் அடிக்காய் போய்விடுகிறது. ஈரத்துணியை உதறும் கை, ஜமுக்காளத்தைத் தட்டும் தடி, புளியங்கிளையை உலுக்கும் தொரட்டி எல்லாமே இந்த அவசரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. வெடுக்கென்று செய்ய வேண்டும். நிதானமாக உதறினால் தண்ணீரும் துணியோடு சேர்ந்து நிதானமாக ஆடும்.

மூன்றாவது வகையான திசைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கவணைச் சுழற்றிய காலத்திலிருந்து நமக்கு ஒரு விஷயம் தெரியும்: கயிற்றை விட்டால் கல் வட்டத்தில் போகாது. மையத்திலிருந்து வெளிநோக்கியும் தெறிக்காது. விட்ட கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கமாக, வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோட்டில் நேராகப் பறக்கும். குறி வைப்பவருக்கு இது கையில் தெரியும். கத்திக்குச் சாணை பிடிப்பவரிடமும் பார்க்கலாம். தீப்பொறி, கல்லின் விளிம்பை உரசிக்கொண்டு நேர்கோடாகத்தான் போகிறது. சைக்கிளில் மட்கார்டு இருப்பதும் இதற்காகத்தான்.

பஸ் வளைவில் திரும்பும்போது நம்மை வெளிப்பக்கமாக ஏதோ இழுப்பது போல இருக்கும். மையவிலக்கு விசை என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸுக்குள்ளிருந்து கணக்குப் போட அது வசதியான பெயர். ரோட்டில் நின்று பார்த்தால் அப்படி ஒரு விசையே இல்லை. பஸ் வலப்பக்கம் திரும்புகிறது, நாம் நேராகப் போய்க்கொண்டிருக்கிறோம். அதனால் பஸ்ஸின் இடப்பக்கச் சுவர் நம்மிடம் வந்து சேருகிறது. இடப்பக்கம் சுவர் இருந்தால் சரி. நம் ஊர் பஸ்களில் அங்கே வாசல் இருக்கிறது! மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் பஸ் வலப்பக்கம் திரும்பினால், 60 கிலோ எடையுள்ள ஒருவரை பஸ்ஸோடு சேர்த்துத் திருப்ப சுமார் 200 நியூட்டன் விசை வேண்டும். 20 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கிற அளவு. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருபவருக்கு அந்த விசையைக் கொடுப்பது கம்பியைப் பற்றியிருக்கும் விரல்கள் மட்டும்தான். மழைநாளில் கம்பி ஈரம் என்றால், மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

திசையை மாற்றுவது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வேகத்தைக் குறைக்காமல் ஒரு பொருளை 60 டிகிரி திருப்ப வேண்டுமென்றால், நின்ற நிலையிலிருந்து அதை அந்த வேகத்துக்குக் கொண்டுவர எவ்வளவு உந்த வேண்டுமோ, அதே அளவு உந்த வேண்டும். ரோட்டில் டயரின் உராய்வு இதைப் பார்த்துக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. ராக்கெட்டுக்கு ரோடு இல்லை, திரும்பவும் எரிபொருளைத்தான் எரிக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பும் ராக்கெட்டுக்குப் பூமியின் சுழற்சி நொடிக்கு சுமார் 450 மீட்டர் வேகத்தை இலவசமாகவே கொடுத்துவிடுகிறது. ஆனால் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் தெற்கே போயாக வேண்டும். நேர் தெற்கே போனால் கீழே இலங்கை. ஆகவே பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதலில் தென்கிழக்காகப் போய், அப்புறம் தெற்கே மடங்குகிறது. அந்த மடங்கலுக்குச் செலவாகும் எரிபொருளுக்கு ஈடாகச் செயற்கைக்கோளின் எடையில் கைவைக்க வேண்டியிருக்கிறது. சின்ன ராக்கெட்டுக்கு இது கட்டுப்படியாகாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதன் பின்னால் உள்ள இயற்பியல் இதுதான். அங்கிருந்து நேர் தெற்கே கடல்தான்.

நிலைமத்துக்கு உதாரணம் கேட்டால் நம்மவர்கள் கோயில் தேரையும் சொல்வார்கள். பொருத்தமான உதாரணம்தான், ஆனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். வடம் பிடித்து ஊரே இழுத்தும் முதல் அசைவுக்கு அது படுத்தும் பாடு எல்லோருக்கும் தெரியும். பின்னாலிருந்து புல்டோசர் வைத்துத் தள்ளுகிறார்கள். ‘அதுதான் ஓய்விற்கான நிலைமம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. 300 டன்னை ஐந்து நொடியில், ஆள் மெதுவாக நடக்கும் வேகத்துக்கு, அதாவது நொடிக்கு அரை மீட்டருக்குக் கொண்டுவர 30,000 நியூட்டன் போதும். ஏறக்குறைய 3 டன் எடைக்கு ஈடு. தேர் அதைவிட நிறையவே கேட்கிறது. மிச்சத்தை வாங்கிக்கொள்வது அச்சிலும் சக்கரத்தின் அடியிலும் உள்ள உராய்வு. நின்ற பொருளில் உராய்வு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், நகர ஆரம்பித்ததும் கொஞ்சம் தளரும். உராய்வே இல்லாத தேர் ஒன்று இருந்தால், ஒரு சின்னப் பையன் தள்ளினாலும் அது நகரும். மிக மிக மெதுவாக, ஆனால் நகரும். நிலைமம் எந்தப் பொருளையும் அசையவே விடாமல் தடுப்பதில்லை, எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கலாம் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. ‘எதிர்க்கும்’ என்ற சொல் மறைத்துவிடுவது இதைத்தான்.

தேரில் நிலைமத்தை உண்மையாகவே பார்க்க வேண்டுமென்றால் முன்னால் வடம் பிடிப்பவர்களை விட்டுவிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் முட்டுக்கட்டைக்காரர்களைப் பாருங்கள். ஆப்பு மாதிரி செதுக்கிய கனத்த கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உருளும் சக்கரத்தின் முன்னால் சரியான கணத்தில் வைத்து எடுத்துக்கொண்டே வருவார்கள். ‘நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே’ என்று நாம் திட்டுவது இந்தக் கட்டையை வைத்துத்தான். பாவம், தேரடியில் அது இல்லாவிட்டால் நல்ல காரியமே கெட்டுவிடும். நொடிக்கு அரை மீட்டரில் வரும் 300 டன்னை ஒரு மீட்டருக்குள் நிறுத்த, ஏறக்குறைய 4 டன் எடைக்கு ஈடான விசை வேண்டும். வடத்தால் இழுக்க முடியும், நிறுத்த முடியாது. இப்போது ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. வீதி முனையில் திருப்புவது தனிக் கலை. நேராகப் போகத்தான் அதற்குத் தெரியும். சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, பக்கவாட்டில் சறுக்கவிட்டு அடுத்த வீதிக்குத் திருப்புகிறார்கள். கிளம்புவது, நிற்பது, திரும்புவது என்று பாடப்புத்தகத்தின் மூன்று வகையும் ஒரே வண்டியில் நான்கு வீதியைச் சுற்றி வருகின்றன. கடைசியில் தேர் போய்ச் சேரும் இடத்துக்கு ‘நிலை’ என்றுதான் பெயர்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு நிலைமம் என்பதை நிறை சொல்லிவிடும். (இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் நிறை என்றால் ஒன்றில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு, எடை என்றால் பூமி அதை இழுக்கும் விசை. இலங்கைப் புத்தகத்தில் முன்னது திணிவு, பின்னதுதான் நிறை. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தால் தலை சுற்றும்.) தராசு எடையைத்தான் பார்க்கிறது. விண்வெளி நிலையத்தில் தராசுத் தட்டில் எதையும் உட்கார வைக்க முடியாது, எல்லாம் மிதக்கும். அங்கே போன வீரர்கள் இளைத்தார்களா என்று எப்படிப் பார்ப்பது? 1973இல் ஸ்கைலாப் நிலையத்திலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். வீரரைச் சுருள்வில் பூட்டிய ஒரு நாற்காலியில் கட்டி, இழுத்துவிடுவார்கள். ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். ஆள் கனம் என்றால் ஒரு ஆட்டத்துக்கு அதிக நேரம் ஆகும், ஒல்லி என்றால் குறைவு. ஆட்ட நேரத்தை அளந்தால் நிறை கிடைத்துவிடுகிறது. எடையே இல்லாத இடத்திலும் நிலைமம் அப்படியே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது. மிதக்கும் இரும்புப் பெட்டியை அங்கே ஒற்றை விரலால் தாங்கிப் பிடிக்கலாம், ஆனால் வேகமாக மிதந்து வருவதற்கு நடுவில் விரலைக் கொடுத்தால் நசுங்கும். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்னமும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின் எதுவும் ஓடவில்லை.

சுழல்கிற பொருளுக்கும் தனியாக ஒரு நிலைமம் உண்டு. அதில் நிறை எவ்வளவு என்பதோடு, அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். குயவர் சக்கரமும் தையல் மெஷினின் கைச்சக்கரமும் விளிம்பில் கனமாக இருப்பது அதனால்தான். ஒருமுறை சுற்றிவிட்டால் சீக்கிரத்தில் நிற்காது. இதற்குச் சமையலறையில் நல்ல வேடிக்கை ஒன்று இருக்கிறது. வெந்த முட்டையும் வேகாத முட்டையும் கலந்துவிட்டால் உடைத்துப் பார்க்கத் தேவையில்லை. மேடையில் வைத்துச் சுற்றிவிடுங்கள். வெந்தது பம்பரம் மாதிரி சுற்றும். வேகாதது தள்ளாடும், ஓடு மட்டும் சுழல, உள்ளே இருக்கும் திரவம் பின்தங்கிவிடுவதால். சுற்றிக்கொண்டிருக்கும்போதே விரலால் ஒரு கணம் தொட்டு நிறுத்தி, உடனே எடுங்கள். வெந்தது நின்றுவிடும். வேகாதது, நின்ற பிறகும், தானாக மறுபடி மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். நீங்கள் நிறுத்தியது ஓட்டைத்தான். உள்ளே கரு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

இதே சங்கதி காருக்குள் நடந்தால் வேடிக்கையில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை மீட்டருக்குள் உள்ளே இருப்பவரையும் நிறுத்த வேண்டுமென்றால், அவர் எடையைப்போல் சுமார் 20 மடங்கு விசை தேவை. 10 கிலோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா, அந்தக் கணத்தில் 200 கிலோவைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டும். “நான் கெட்டியா பிடிச்சுக்குவேன்” என்ற பேச்சுக்கு அங்கே இடமேயில்லை. பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருப்பவரும் 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்சீட்டுக்காரரின் முதுகுக்குப் போகிறார். பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது, ஆனால் அந்தக் கொக்கியைச் சீட்டுக்கு அடியில் தேடி எடுக்க வேண்டியிருக்கும் கார்கள்தான் நான் பார்த்தவற்றில் அதிகம்.

மூன்று முனையில் பூட்டும் பெல்ட்டை வோல்வோவின் பொறியாளர் நீல்ஸ் போலின் 1959இல் கொண்டுவந்தார். அப்புறம் வந்த சுருளும் பெல்ட்டுக்குள் ஒரு நயமான சங்கதி இருக்கிறது. மெதுவாக இழுத்தால் வருகிறது, வெடுக்கென்று இழுத்தால் சிக்கிக்கொள்கிறது, இல்லையா? பெல்ட் சுருண்டிருக்கும் பெட்டிக்குள் உருளையோடு சேர்ந்து சுற்றும் ஒரு தகடு உண்டு. உருளை திடீரென்று வேகமெடுத்தால் தகடு பின்தங்கும், அந்த இடைவெளியில் ஒரு கொக்கி பல்லில் மாட்டிக்கொள்ளும். பல மாடல்களில் கூடவே ஒரு சின்ன எஃகுக் குண்டும் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். கார் சடாரென்று நின்றால் குண்டு மட்டும் முன்னால் உருண்டு, ஒரு நெம்பைத் தூக்கி, உருளையைப் பூட்டிவிடும். பஸ்ஸில் நிற்கிற நம்மைப் போலவே, பிரேக் போட்டதும் அந்தக் குண்டும் ‘முன்னால் விழுகிறது’. நம் உடம்பு முன்னால் போகத் தொடங்கும் அதே காரணத்தால், அதே நேரத்தில், நம்மைப் பிடித்து நிறுத்தும் பெல்ட் பூட்டிக்கொள்கிறது.

பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்து, ஹீலியம் பலூன் ஒன்றைக் காரில் எடுத்துப்போகும் நாள் வந்தால் இதையும் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பலூனின் நூலைப் பின்சீட்டில் கட்டிவிடுங்கள். பிரேக் போட்டால் பைகள், தண்ணீர் பாட்டில், நாம் எல்லோரும் முன்னால் போவோம். பலூன் பின்னால் வரும். நிலைமத்தின் விதியை அது மீறவில்லை. காருக்குள் இருக்கும் காற்றுக்கும் நிறை உண்டு, அதுவும் நம்மோடு முன்பக்கம் போய் நெருக்குகிறது. ஹீலியம் காற்றைவிட லேசு. தண்ணீருக்குள் அமுக்கிய பந்து மேலே தள்ளப்படுவது போல, முன்னால் குவிந்த காற்று பலூனைப் பின்னால் தள்ளிவிடுகிறது. பஸ்ஸில் நம்மைத் தள்ளியவர் யாரும் இல்லை. பலூனைத் தள்ளியதற்கு மட்டும் ஆள் இருக்கிறது.